பரிமாறுகிறவன் நம்மவன் ஆனால் போதுமா?

(குழுப் பணம், மானியம், மெஷின் பற்றி வட்டப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



உர விலை பற்றியும் நெல் கொள்முதல் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒரு விஷயத்தைப் பேச நிற்கிறேன். கேட்கக் கொஞ்சம் கசக்கும். மந்திரியையும் அதிகாரியையும் திட்டினால் இங்கே கைதட்டல் கிடைக்கும். இன்றைக்கு நான் பேசப்போவது நம்ம ஊர்க் குழுக்களைப் பற்றி. நாமே உட்கார்ந்து, நாமே கையெழுத்துப் போட்டு, நாமே செலவு செய்கிற பணத்தைப் பற்றி.

கேட்டு வாங்கிய உரிமை

ஏரி வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுக்காதே, ஆயக்கட்டுக்காரனிடம் கொடு என்று எத்தனை வருஷம் கோஷம் போட்டோம்! நீரைப் பயன்படுத்துகிற விவசாயிகளே பாசனத்தை நிர்வாகம் செய்யலாம் என்று 2000-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். டெண்டர் கிடையாது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமே வேலையை எடுத்துச் செய்யலாம். பத்தில் ஒரு பங்கு நம்முடையது, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம் என்றார்கள்.

அதே சமயத்தில், 2017-18-ல், கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. சிறு குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி அஞ்சு குழு சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த 100 பேருக்கும் பொதுவாக மெஷின் வாங்க 5 லட்சம் ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆளுக்கு 5,000 ரூபாய். ஒரு காணி வைத்திருக்கிறவனுக்கும் 5,000. நாலு ஏக்கர் வைத்திருக்கிறவனுக்கும் 5,000. இதை மறக்கக்கூடாது. பின்னால் இந்தக் கணக்குக்குத் திரும்ப வருவேன்.

பணம் நம் கைக்கு வந்தது. வந்த பிறகு என்ன ஆச்சு? சில ஊரில் ஏரி நிரம்பியது, மெஷின் ஓடுகிறது. அந்த ஊர்க்காரங்க இங்கே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்காங்க. வேறு சில ஊரில் குழுவின் பவர் டில்லர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். வெளியே ‘உழவர் உற்பத்தியாளர் குழு’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். சாவி ஒருத்தர் இடுப்பில் இருக்கும்.

தராசு பிடிக்கிறவனே சரக்கு விற்றால்

இதை எல்லாம் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. திருட்டு என்றால் போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. நான் சொல்வது அதற்கு முந்தின கட்டம். குழுவில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கிறோம். அந்த முடிவால் எனக்கோ, என் பிள்ளைக்கோ, என் மச்சானுக்கோ, நான் கடன் வாங்கியிருக்கிற ஆளுக்கோ ஆதாயம் வருகிறது. அப்போது நான் பேசுவது குழுவுக்காகவா, எனக்காகவா? கேட்கிறவனுக்கும் தெரியாது. பல நேரம் பேசுகிற எனக்கே தெரியாது. அதிகாரிகள் இதற்கு ‘ஆதாய முரண்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் மண்டியில் தினம் பார்ப்பதுதான் இது. தராசு பிடிக்கிறவனும் சரக்கை எடுக்கிற வியாபாரியும் ஒரே ஆளாக இருந்தால், அவன் ஒழுங்காக நிறுத்தாலும் நாம் நம்புவோமா? மூட்டைக்கு ஒரு கிலோ போச்சு என்றுதானே நினைப்போம்?

ஊரில் இதற்குச் சமாதானம் சொல்ல ரெண்டு பழமொழி ரெடியா இருக்கு. ‘தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?’ என்பது ஒன்று. ‘பரிமாறுகிறவன் நம்மவன் ஆனால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன?’ என்பது இன்னொன்று. ஐயா, பரிமாறுகிறவனுக்கு வேண்டியவன் கடைப்பந்தியில் உட்கார்ந்தாலும் அவன் இலையில் பாயசம் விழும், சரி. யாருக்கும் வேண்டாதவன் முதல் பந்தியில் உட்கார்ந்தாலும் இலை காய்கிறதே, அவன் யார்? குத்தகைக்குப் பயிர் வைக்கிறவன். கடைமடைக்காரன். காலனியில் இருந்து வந்து கழனி வாங்கியவன். புருஷன் இல்லாமல் தனியாகப் பயிர் செய்கிற அக்கா. அவங்க 5,000 ரூபாயும் அந்த மெஷினில் இருக்கு.

ஆதாயம் நுழைகிற நாலு வழி

எங்கெங்கே இது நுழைகிறது என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும். எலி வளையை அடைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, எதை வாங்குவது என்கிற முடிவு. கடைக்காரன் கமிஷன் கொடுத்தான் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறோம். அதற்கு முன்னாலேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. குழுத் தலைவரிடம் டிராக்டர் இருக்கு. அவர் ரோட்டவேட்டர் வாங்கலாம் என்கிறார். டிராக்டர் இல்லாதவன் ரோட்டவேட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தலைவரிடமே வாடகைக்கு ஓட்டச் சொல்லணும். அரைக் காணி மல்லாட்டை போடுகிறவனுக்குக் களை எடுக்கிற பவர் வீடரும் விசைத்தெளிப்பானும்தான் வேண்டும். இதில் யாரும் ஒரு ரூபாய் திருடவில்லை. ஆனால் 100 பேர் பணம் ஒருவர் டிராக்டருக்கு உபரிச் சாமானாகப் போய்விட்டது.

ரெண்டாவது வழி, எங்கே வாங்குவது. மூணு கடையில் விலைப்புள்ளி வாங்கணும் என்று விதி சொல்லும். மூணும் வந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் மூணும் ஒரே கை எழுதினது. ஒரே கடைக்காரர் மற்ற ரெண்டு கடையின் லெட்டர் பேடையும் வாங்கி வைத்திருப்பார். சில இடத்தில் அதிகாரியே, ‘இந்தக் கம்பெனி மெஷின் என்றால் பில் சீக்கிரம் பாஸ் ஆகும்’ என்று காதில் சொல்வார். அவருக்கு அங்கே என்ன ஆதாயம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூணாவது வழி, வேலை எங்கே நடக்கிறது என்பது. ஏரி வேலையில் இதுதான் பெரிசு. எந்த மதகைச் சரிசெய்வது, எந்தக் கால்வாயை முதலில் தூர்வாருவது? சங்க நிர்வாகி கழனி தலைமடையில் இருந்தால் மெஷின் தலைமடையோடு நின்றுவிடும். கடைமடைக்கு வரும்போது ‘மதிப்பீட்டில் இவ்வளவுதான்’ என்பார்கள். ஏரி உள்வாயில் ஆக்கிரமிப்பை அளக்க சர்வேயர் வருகிறார் என்று வையுங்க. கூட நின்று எல்லை காட்டுகிறவரே உள்வாயில் பயிர் வைத்திருந்தால், கல் எங்கே நடப்படும்? பத்து சதவீதப் பங்கிலும் இதே கதை. நம் பங்கை ஒரு காண்ட்ராக்டர் கட்டிவிட்டு, நம் சங்கத் தலைவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தூக்கிப் போனார் என்று பல ஊர்களில் புகார் எழுந்தது. அந்தப் பத்து சதவீதம்தான் நம் உரிமைக்குப் பட்டா. அதை இன்னொருவன் கட்டினால் பட்டா அவன் பேருக்குத்தான்.

நாலாவது வழி, வாங்கின பிறகு. மெஷின் யார் வீட்டில் நிற்கிறது, வாடகை எவ்வளவு, முறை யாருக்கு முதலில்? மழை பெய்து மூணு நாள்தான் ஈரம் நிற்கும். அந்த மூணு நாளில் யார் கழனி உழப்படுகிறது என்பதுதான் ஒரு பருவ விளைச்சல். நாலாம் நாள் மெஷின் கொடுத்தால் இனாமாகக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஊரே சொந்தம் என்றால் என்ன செய்வது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ‘செயலாளரே, எங்க ஊரில் இருப்பதே இருநூறு வீடு. எல்லாரும் மாமன் மச்சான், பங்காளி, சம்பந்தி. சொந்தம் இல்லாத ஆளுக்கு நாங்க எங்கே போவோம்?’

சரியான கேள்வி. நம் முன்னோர்களும் இதே கேள்வியைப் பார்த்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தது. குடவோலை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இவ்வளவோடு புத்தகம் நிறுத்திவிடும். மிச்சத்தைக் கேளுங்க. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள் இருந்தன. முந்தின மூணு வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் பேரை எழுதக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை எழுதவே கூடாது. அவனோடு விடவில்லை. அவன் சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், தகப்பனோடு பிறந்தவன், மாமனார், மச்சான், அக்கா தங்கை புருஷன், மருமகன், தகப்பன், மகன் என்று வரிசையாகச் சொல்லி, இவர்கள் பேரையும் எழுதக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அது வேதம் படித்த, நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. உழுதவனுக்கும் நட்டவளுக்கும் அதில் இடம் இல்லை. அந்தச் சபை நமக்கு வேண்டாம். அதில் உள்ள ஒரு புத்தியை எடுத்துக்கொள்வோம். சொந்தம் என்பது இல்லாத மாதிரி அவர்கள் நடிக்கவில்லை. உறவு முறையைப் பேர் சொல்லி எழுதினார்கள்.

இன்றைய சட்டமும் அப்படித்தான். ஊராட்சி நடத்தும் வேலையில் ஒப்பந்த ஆதாயம் வைத்திருப்பவர் ஊராட்சி உறுப்பினராக இருக்க முடியாது என்று 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம் சொல்கிறது. வார்டு மெம்பருக்கு உள்ள கட்டுப்பாடு, லட்சக்கணக்கில் பணம் புரள்கிற குழுவுக்கு மட்டும் வேண்டாமா?

நம் குழுக்களுக்கு ஆறு கட்டுப்பாடு

வட்டக் குழு பேசி முடித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

1. சொல்லிவிட வேண்டும். ஒரு பொருள் விவாதத்துக்கு வருமுன், ‘இதில் எனக்கு இன்ன ஆதாயம், இன்ன உறவு இருக்கிறது’ என்று அந்த உறுப்பினரே எழுந்து சொல்ல வேண்டும். அவர் மறந்தால் பக்கத்தில் இருப்பவர் ஞாபகப்படுத்தலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. வெளியே போக வேண்டும். சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதாது. பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மருமகனுக்கு எதிராக எந்தச் சின்னப் பையன் பேசுவான்? முடிவு எடுத்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.

3. எழுத வேண்டும். தீர்மான நோட்டில் இப்படி எழுதினால் போதும்: ‘பொருள் 3. பவர் வீடர் வாங்க விலைப்புள்ளி பரிசீலனை. உறுப்பினர் இன்னார், விலைப்புள்ளி கொடுத்தவர் தமது மைத்துனர் என்று கூறி வெளியே சென்றார். மீதி உள்ள இத்தனை பேர் பேசி முடிவெடுத்தனர். பிறகு அவர் உள்ளே அழைக்கப்பட்டார்.’ நாலு வரிதான். நாளைக்குப் பெட்டிஷன் வந்தால் இந்த நாலு வரி நம்மைக் காப்பாற்றும்.

4. முக்கால்வாசிப் பேர் வெளியே போகவேண்டி வந்தால், அந்தப் பொருளைக் குழு முடிவு செய்யக்கூடாது. 100 பேரையும் கூட்டி முடிவு செய்யணும்.

5. அளவுகோல் முதலில், பெயர் பிறகு. யாருக்கு முதல் முறை, யாருக்கு மானியம் என்பதற்கு விதியை முன்னாலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். மனு வந்த பிறகு விதி எழுதினால் அது ஆளைப் பார்த்து எழுதின விதியாகத்தான் இருக்கும்.

6. கணக்கு எழுதுகிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு. தலைவர், பொருளாளர் வீட்டுக்காரர்கள் தணிக்கையில் இருக்கக்கூடாது. சாவியும் வாடகை நோட்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது.

ஐந்தாவதுக்கு ஒரு விளக்கம் சொல்லணும். தலைவருக்குச் சொந்தம் என்பதாலேயே ஒரு ஏழைக்கு ‘உனக்கு இல்லை’ என்று சொல்வதும் அநியாயம்தான். தலைவரின் சித்தப்பா மகன் அரைக் காணி வைத்துக்கொண்டு கஷ்டப்படலாம். அவனும் மனு கொடுக்கட்டும். விதிப்படி அவனுக்கு வந்தால் வாங்கிக்கொள்ளட்டும். முடிவு எடுக்கிற நேரத்தில் தலைவர் அங்கே இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பங்காளிச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள இந்த விதியைத் தூக்கி வருகிறவர்களுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இது சும்மா வராது

சொல்வது சுலபம், செய்து பாருங்க என்பீர்கள். எங்க ஊர்க் குழுவில் மெஷின் வாங்கும்போது விலைப்புள்ளி கொடுத்த மூணு பேரில் ஒருத்தர் என் சொந்த மச்சான். நான் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே முக்கால் மணி நேரம் பேசினார்கள். ரிப்பேர் என்றால் ஊருக்கே வந்து பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்த வேறு கடைக்குப் போனது ஆர்டர். ‘நீ உள்ளே இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வந்திருக்கும்’ என்று மச்சான் கோவித்துக்கொண்டார். அந்த வருஷம் அவர் பேத்தி காதுகுத்துக்கு எங்க வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. என் வீட்டுக்காரம்மா அழுதாங்க. அது சின்ன விஷயம் இல்லைங்க. தாய் வீட்டு வாசல் அது.

ஆனால் அந்த மெஷின் விஷயத்தில் ஊரில் ஒருத்தரும் எங்களைப் பார்த்து ஒரு விரல் நீட்டவில்லை. தீர்மான நோட்டு இப்பவும் பீரோவில் இருக்கு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சொந்தம் ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்துவிட்டது. ஊர் நம்பிக்கை போனால் திரும்ப வருமா என்று நீங்களே சொல்லுங்க.

சங்கத்துக்கும் இதே விதி

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். குழுவில் அநியாயம் நடந்தால் விவசாயி எங்கே வருவான்? சங்கத்துக்கு வருவான். சங்கக் கிளைச் செயலாளரே குழுத் தலைவராகவும் இருந்தால் அவன் யாரிடம் சொல்வான்? ஆகவே கிளைத் தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருப்பவர்கள் மானியக் குழுக்களில் காசோலைக் கையெழுத்துப் போடும் பொறுப்பில் இருக்க வேண்டாம் என்று வட்டக் குழு முன்மொழிகிறது. உறுப்பினராக இருக்கலாம். எங்க ஊரில் நான் இருப்பதும் உறுப்பினராக மட்டும்தான். பின்னால் முணுமுணுப்பு கேட்குது. கேட்கட்டும். ‘உழைக்கிறவனே பொறுப்பிலும் இருக்கான், அவனை எப்படி எடுப்பது?’ என்கிறீர்கள். உழைக்கிறவர் ஒரு பொறுப்பை இளைஞரிடமோ ஒரு பெண்ணிடமோ கொடுத்துப் பழக்கட்டும். ஓட்டெடுப்புக்கு விடுகிறோம். தைரியமாகப் பேசுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நம் குழுவில் ஒரு கறை விழுந்தால் கோட்டையில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ‘பார்த்தீர்களா, விவசாயிகளிடம் கொடுத்தோம், தின்றுவிட்டார்கள், இனி டெண்டர்தான்’ என்பார்கள். காண்ட்ராக்டர் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறான். ஒரு ஊர்க் குழுவின் தப்புக்கு எல்லா ஊர் ஏரியும் பறிபோகும்.

அரசிடம் நம் கோரிக்கைகள்

நம்மைத் திருத்திக்கொள்கிற கையோடு அரசையும் கேட்போம்.

— விவசாயிகள் குழுக்களுக்குப் பணம் தரும் எல்லாத் திட்டங்களின் விதிமுறையிலும் ஆதாயத்தை முன்கூட்டியே சொல்லி விலகும் விதியைச் சேர்க்க வேண்டும். அதிகாரிகளுக்கும் அது பொருந்த வேண்டும்.

— பயனாளி பட்டியல், வாங்கிய பொருள், விலை, கடை பெயர் ஆகியவற்றை ஊரில் போர்டு எழுதி வைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, மானியப் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது.

— வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது குழுக்களின் கணக்கை வாசிக்க வேண்டும்.

— நிலம் வைத்திருப்பவரோடு குத்தகை விவசாயியும் பெண் விவசாயியும் குழு நிர்வாகத்தில் இருக்க வேண்டும்.

போர்டு வைக்கவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்தோடு, பணம் கொடுத்த அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரணும். நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கு. மனு எழுதத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இந்த நாலு கோரிக்கையையும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறோம். அன்றைக்குக் காலையில் கலெக்டர் ஆபீஸ் முன்பு ஆர்ப்பாட்டம். வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் தீர்மான நோட்டையும் வாடகை நோட்டையும் கையில் எடுத்து வரணும். நம் கணக்கை நடுரோட்டில் விரித்து வைத்துவிட்டு, உங்கள் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்போம். அப்போது யாராலும் நம் வாயை அடைக்க முடியாது.

குழுப் பணம் ஊர்ப் பணம்!
சொல்லிவிடு, விலகி நில், எழுதி வை!
கடைமடைக்கும் தண்ணீர், கடைசி ஆளுக்கும் பங்கு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!